வலி எண் இரண்டு

தன் மனைவிக்குப் பெரிதாக வலி ஒன்றும் இல்லை என்று கருவி சொன்னபோது இளம்பரிதி சந்தோஷப்பட்டார். பிற்பாடு எத்தனையோ விஷயங்களுக்காக அவர் தன்னை நொந்துகொண்டார். ஆனால் அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதுதான் அவருக்கு உடம்பு கூசும்.

பொங்கல் கழிந்த வாரத்தில் அது தொடங்கியது. ஒருநாள் காலையில் ஷர்மிளா படுக்கையிலிருந்து எழப் பார்த்து, முடியாமல் மறுபடியும் சாய்ந்துகொண்டாள். இரண்டு தோள்களும் கழுத்தும் இடுப்பும் சிமெண்டு பூசிக் காயவைத்தது போல இறுகிக் கிடந்தன. புரண்டு புரண்டு கட்டில் விளிம்புக்கு வந்து, கால்களை முதலில் தரையில் இறக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீஷர்ட்டைத் தலைவழியாக மாட்ட முடியவில்லை. சீப்பு காதுவரைதான் போயிற்று. வெயில் ஏற ஏற உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. மத்தியானம் ஒன்றுமே நடக்காதது போல இருந்தாள். மறுநாள் விடிந்ததும் அதே இறுக்கம்.

"தண்ணில ரொம்ப நேரம் நின்னிருப்ப," என்றார் இளம்பரிதி.

"முப்பது வருஷமா தண்ணிலதான் நிக்கிறேன், பரிதி. தசை பிடிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இது வேற ஏதோ."

ஷர்மிளா திருச்சியில் ஒரு மகளிர் நீச்சல் மன்றத்தில் பயிற்சியாளர். அவளிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது தாண்டிய பெண்கள். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, இனியாவது தண்ணீரில் இறங்கிப் பார்ப்போம் என்று பயந்து பயந்து வருகிறவர்கள். கோடை ஆறு மாதம் நீண்டுவிட்ட அந்தக் காலத்தில் கூரை போட்ட அந்தக் குளம் அவர்களுக்கு ஒரு புகலிடம் மாதிரி. ஷர்மிளா அவர்கள் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கி, "விடமாட்டேன், நீங்க காலை மட்டும் அடிங்க" என்று சொல்லியே நூற்றுக்கணக்கானவர்களை மிதக்க வைத்திருக்கிறாள்.

இளம்பரிதியின் உலகம் வேறு. ஊர் எல்லையில் இருந்த ஓர் ஆய்வகத்துக்கு அவர் தலைவர். வலிமானி என்று இன்றைக்குக் குழந்தைகூடச் சொல்கிற கருவியை உருவாக்கிய குழு அவருடையது. பிடரியில் ஒரு வில்லை, இடுப்பில் ஒரு வில்லை ஒட்டினால், தசைகளிலிருந்து தண்டுவடம் வழியாகப் போகிற செய்திகளைப் படித்து, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைக் காட்டும்.

அதில் அவர் இறங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், விபத்தில் அடிபட்ட நண்பனைப் பார்க்க ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அங்கே பெஞ்சின் ஓரத்தில் ஒரு வடநாட்டுக் கட்டடத் தொழிலாளி உட்கார்ந்திருந்தான். சாரத்திலிருந்து விழுந்தவன். அவன் பேசிய பாஷை அங்கே யாருக்கும் புரியவில்லை. அவன் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. அதனால் கத்தியவர்களையெல்லாம் உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். அவன் முறை வந்தபோது அவனுக்குக் கால்கள் உணர்விழந்திருந்தன. அந்த முகத்தை இளம்பரிதியால் மறக்க முடியவில்லை. வாயால் சொல்ல முடியாதவனுடைய வலியை அவன் உடம்பே சொல்லட்டும் என்று நினைத்தார்.

கருவி அதைச் செய்யவும் செய்தது. பேச்சு வராத குழந்தைகள், நினைவு தப்பிய முதியவர்கள், பிரசவ வார்டில் 'சும்மா கத்தாதே' என்று அதட்டப்பட்டவர்கள் என்று எத்தனையோ பேருக்கு அது வாயாக இருந்தது. நாளடைவில் அரசாங்கமும் காப்பீட்டு நிறுவனங்களும் அதை எடுத்துக்கொண்டன. எண் நான்குக்குக் குறைவாக இருந்தால் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது, மருத்துவ விடுப்பும் கிடையாது என்று விதி வந்தது. விதியை இளம்பரிதி எழுதவில்லை. எழுதிய குழுவில் உட்கார்ந்து தேநீர் குடித்திருந்தார்.

ஷர்மிளா நான்காவது நாளாகவும் முனகியபோது, சாயங்காலம் ஆய்வகத்திலிருந்து வரும்போது ஒரு கருவியைக் கையோடு கொண்டுவந்தார். சோபாவில் உட்காரவைத்து வில்லைகளை ஒட்டினார். சற்று நேரத்தில் திரையில் எண் வந்தது.

"ஒண்ணு!" என்றார் முகம் மலர. "ஒண்ணுமே இல்ல, ஷர்மி. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

ஷர்மிளா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாயங்காலம் எனக்கும் அவ்வளவா தெரியலதான். காலைல பாரு."

மறுநாள் காலை அவசர அவசரமாகக் கிளம்பும்போது பார்த்தார். இரண்டு வந்தது.

"பார்த்தியா, உன் வயசுக்கு இது சாதாரணம்."

"நான் கட்டில்லேர்ந்து உருண்டு இறங்குறேன், பரிதி. பாத்ரூம்ல உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியல. ரெண்டுன்னா அதுதானா?"

"ரெண்டுன்னா லேசான அசௌகரியம்."

"அப்ப எனக்கு வலிக்கலையா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கணவர் அந்தத் துறையில் பெரியவர், அவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்வியில் இருந்தது. இளம்பரிதி சிரித்துக்கொண்டே அவள் தோளைத் தட்டினார். "வலிக்குதுன்னு உனக்குத் தோணுது. கொஞ்ச நாள் போனா சரியாயிடும்."

தட்டிய இடத்தில் அவள் முகம் சுளித்ததை அவர் பார்க்கத்தான் செய்தார்.

அவளே ஒருநாள் தெருமுனைக் கிளினிக்குக்குப் போனாள். அங்கும் இரண்டு. மருத்துவர் நல்ல மனிதர், உதட்டைப் பிதுக்கினார். "ரத்தம் எடுத்துப் பார்க்கலாம்னு எனக்கும் ஆசைதான் மேடம். ஆனா இந்த எண்ணுக்கு சிஸ்டம் அனுமதிக்காது" என்று சொல்லி, தடவிக்கொள்ள ஒரு களிம்பும் சில உடற்பயிற்சிகளும் கொடுத்து அனுப்பினார். மன்றத்தில் விடுப்புக் கேட்டாள். செயலாளர் எண்ணைக் கேட்டார். சொன்னாள். அதற்குமேல் பேச்சில்லை.

அந்த வருஷம் மாசியிலேயே அனல் அடித்தது. குளத்தில் கூட்டம் நெரிந்தது. ஒருநாள் காலை வகுப்பில், மோனிஷா என்று ஒரு பெண்மணி, தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கால் நழுவி ஆழமான பக்கம் போய்விட்டார். ஷர்மிளா அந்த நொடியே குதித்தாள். கிட்டேயும் போய்விட்டாள். ஆனால் எட்டிப் பிடித்துத் தூக்க வேண்டிய கை தூக்கவில்லை. தண்ணீருக்குள் மோனிஷாவின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றி வழுக்கிப்போயின. இன்னொரு பயிற்சியாளர் பாய்ந்து வந்து இழுத்துக் கரையில் போட்டார். தண்ணீரைக் கக்கிவிட்டு மோனிஷா பிழைத்துக்கொண்டார்.

விசாரணை வைத்தார்கள். "கை தூக்க முடியலன்னு சொல்றீங்க. எண் ரெண்டுதானே இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பிழைத்து வந்த மோனிஷாவே எழுந்து, "அவங்க கை வராம தவிச்சத தண்ணிக்குள்ள நான் கண்ணால பார்த்தேங்க. அவங்க மேல தப்பில்ல" என்றார். அதை யாரும் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. கடைசியில் செயலாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. வலிமானியைச் செய்தவரே இவள் கணவர்தானே, அவரிடமே கேட்டுவிட்டால் என்ன?

இளம்பரிதி ஆய்வகத்தில் இருந்தார். போன் வந்தது.

"சார், உங்க வீட்டம்மா விஷயமாத்தான். சங்கடமாத்தான் இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். எண் ரெண்டு இருக்கிறவங்களுக்குக் கையத் தூக்க முடியாம போகுமா?"

அவர் ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்தில் அவர் மனைவியை நினைக்கவில்லை, கருவியைத்தான் நினைத்தார். நாளைக்கு யார் வேண்டுமானாலும் எண் தப்பு என்று சொல்லலாம் என்றாகிவிட்டால், பேச முடியாதவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது என்று நினைத்தார். நேர்மையாக இருப்பதாகத்தான் எண்ணிக்கொண்டார்.

"ரெண்டுன்னா அப்படி ஆகாதுங்க," என்றார். "கருவி தப்பாக் காட்டாது."

போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள் என்பதும், ஷர்மிளா அந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள் என்பதும் அவருக்குத் தெரியாது.

கவனக்குறைவு என்று எழுதி அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அன்று இரவு வீட்டில் அவர்தான் பேச ஆரம்பித்தார். "ஷர்மி, நான் உள்ளதைத்தான் சொன்னேன்..."

"தெரியும். நீ பொய் சொல்லமாட்ட" என்றாள். "எனக்குத்தான் பயமாகிப் போயிருக்கும். பயத்துல கை வரல போல."

அதன்பிறகு ஷர்மிளா வலி என்ற சொல்லையே எடுக்கவில்லை. காலையில் அவர் எழுவதற்கு முன்பே எழுந்து, உருண்டு இறங்கி, சுவரோரமாக நடந்து உடம்பை இளக்கிக்கொண்டுவிடுவாள். டீஷர்ட்டை விட்டுவிட்டு முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகளுக்கு மாறினாள். தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள். மேல் அலமாரியிலிருந்த பாத்திரங்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. இளம்பரிதி இதையெல்லாம் பார்த்தார். வேலை போன பிறகு ஓய்வு கிடைத்து அவள் தேறிவிட்டாள் என்று புரிந்துகொண்டார்.

வைகாசியில் அவளுக்குத் தலைவலி வந்தது. நெற்றிப் பொட்டில் சீப்புப் பட்டாலே சுள்ளென்றது. நாலு வாய் மென்றால் தாடை அசந்துபோயிற்று. சப்பாத்தியை விட்டுவிட்டுத் தயிர்ச் சோற்றைக் குழையப் பிசைந்து விழுங்கினாள்.

"ஏன் சாப்பாடு இறங்கலையா?"

"பசி இல்ல."

ஒருநாள் காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தவள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். குரலில் பதற்றமே இல்லை.

"பரிதி, இந்த லைட்டு பாதிதான் எரியுதா?"

அவர் வந்து பார்த்தார். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. ஜன்னல் வழியாக வெயிலும் விழுந்துகொண்டிருந்தது. ஷர்மிளா இடது கண்ணை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"வலது பக்கம் திரையப் போட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

கண் ஆஸ்பத்திரியில் நஸ்ரீன் என்ற மருத்துவர் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், வேகமாகப் பேசுகிறவர். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தவர், விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு, ஷர்மிளாவின் நெற்றிப் பொட்டில் இரண்டு விரல்களை மெல்ல வைத்து அழுத்தினார். ஷர்மிளாவின் உடம்பு விலுக்கென்று பின்வாங்கியது.

"எத்தனை நாளா தலைவலி?"

"மூணு வாரம் இருக்கும்."

"மெல்லும்போது தாடை வலிக்குதா?"

ஷர்மிளா ஆச்சரியத்தோடு அவரைப் பார்த்தாள். "ஆமா."

"தோள்பட்டை, இடுப்பு? ரெண்டு பக்கமும்? காலைல எழுந்திரிக்க முடியாம?"

ஷர்மிளா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். ஐந்து மாதத்தில் முதல்முறையாக ஒருவர் அதைக் கேட்கிறார் என்பது இளம்பரிதிக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் தன் பையைத் திறந்துகொண்டிருந்தார்.

"டாக்டர், எண் பார்த்துடலாமா? எங்கிட்ட கருவி இருக்கு."

"கண்ணு போயிட்டிருக்கு சார். எண்ணைப் பார்க்க நேரமில்ல" என்ற நஸ்ரீன், நர்ஸைக் கூப்பிட்டு ஸ்டீராய்டு ஊசியை ரத்தக்குழாயில் ஏற்றச் சொன்னார். ரத்தமும் எடுக்கச் சொன்னார். பரிசோதனை முடிவு வரும்வரை மருந்துக்குக் காத்திருக்கவில்லை.

வலது கண் திரும்பவில்லை. இடது கண் தப்பியது.

மறுநாள் வார்டுக்கு வெளியே இளம்பரிதியை உட்காரவைத்து நஸ்ரீன் விளக்கினார்.

"தோள்லயும் இடுப்புலயும் வந்தது பாலிமயால்ஜியா ருமாட்டிகா சார். பேரு நீளம், ஆனா அப்படியொண்ணும் அபூர்வமான வியாதி இல்ல. அம்பது வயசுக்கு மேல வரும், பெண்களுக்கு அதிகம். உடம்போட பாதுகாப்புப் படையே மூட்டைச் சுத்தியிருக்கிற சவ்வுகளத் தாக்கி வீங்க வைக்குது. ராத்திரி அசையாம கிடக்கிறதால காலைல இறுகிடும், நடமாட நடமாட இளகும். சில பேருக்கு இதே அழற்சி தலைக்குப் போற ரத்தக்குழாய்க்கும் வந்துடும். குழாய் வீங்கி அடைச்சா, கண்ணு நரம்புக்கு ரத்தம் போகாது."

"இதக் கண்டுபிடிக்க..."

"அனுபவம் உள்ள டாக்டர் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசினா சந்தேகம் வந்துடும். அப்புறம் ஈ.எஸ்.ஆர்.னு ஒரு பழைய ரத்தப் பரிசோதனை. ரத்தத்த ஒரு குழாய்ல நிக்க வெச்சு, எவ்வளவு வேகமா படியுதுன்னு பார்க்கிறது. அவ்வளவுதான்."

"அப்பவே தெரிஞ்சிருந்தா கண்ணு தப்பியிருக்குமா?"

"சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனா மாத்திரை ஆரம்பிச்சிருப்போம். தலைவலி வந்தா, தாடை வலிச்சா அன்னைக்கே ஓடி வரணும்னு சொல்லி அனுப்பியிருப்போம். மூணு வாரம் சும்மா இருந்திருக்கமாட்டாங்க. ஏன் சார் சொல்லாம இருந்தாங்க?"

இளம்பரிதி எழுந்து வார்டுக் கதவைத் தள்ளினார்.

உள்ளே போனபோது ஷர்மிளா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. அவள் இரண்டு கைகளையும் மெதுவாக, ஏதோ உடையக்கூடிய பொருளைத் தூக்குவது போல, பக்கவாட்டில் உயர்த்திக்கொண்டே போனாள். தோளுக்கு மேல், காதுக்கு மேல், தலைக்கு மேல். அங்கே விரல்களைக் கோத்தாள். இறக்கினாள். மறுபடி உயர்த்தினாள்.

"ஊசி போட்டு ஒரு நாள்தான் ஆச்சு" என்றாள். "எங்கயுமே வலி இல்ல, பரிதி. சுத்தமா இல்ல."

பிறகு கைகளை அப்படியே தலைமேல் வைத்துக்கொண்டு, அடிபட்ட குழந்தை மாதிரி அழுதாள்.

"அப்ப வலிச்சிருக்கு. எனக்கு நிஜமாவே வலிச்சிருக்கு."

அவளைப் பிடித்துக்கொள்ளக்கூட இளம்பரிதிக்குத் துணிவு வரவில்லை. கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு அவர் ஆய்வகத்துக்குப் போனார். கருவியின் கணக்கீடுகளைப் பார்க்கும் ஜெபசிங்கைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஜெபசிங் தொடக்கத்திலிருந்தே கூட இருந்தவர்.

"அஞ்சு மாசம் தோள் அசையாம இருந்திருக்கா. அவ நரம்பு கத்தியிருக்கணும். நம்ம கருவிக்கு ஏன் கேக்கல?"

"கேட்டிருக்கும் சார். கருவிக்கு எல்லாம் கேக்கும். ஆனா அம்பது வயசுக்கு மேலன்னா நாம கொஞ்சம் கழிச்சுக்குவோம்ல?"

இளம்பரிதிக்கு நினைவு வந்தது. வயதுக் கழிவு. அதை வைக்கச் சொன்னதே அவர்தான். வயதானவர்களின் நரம்புகளில் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும், அதை நீக்காவிட்டால் எல்லாருக்கும் எண் ஏறிக் காட்டும் என்று வாதாடியது அவர்தான். அதற்காக ஐம்பது தாண்டியவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டி, வலி எதுவும் இல்லை என்று சொன்னவர்களின் நரம்பு ஓட்டத்தைப் பதிவு செய்து, அதைப் பூஜ்யமாக வைத்தார்கள்.

"பொம்பளைங்களுக்குக் கழிவு கூட சார்" என்றார் ஜெபசிங். "ஆம்பளைங்களுக்கு ஒண்ணுதான் கழிக்கிறோம். அவங்களுக்கு மூணு. அப்பவே எனக்கு விநோதமா இருந்துச்சு. வலியே இல்லைன்னு சொன்ன பொம்பளைங்க நரம்புல அவ்வளவு இரைச்சல். பெண்ணுடம்பு அப்படித்தான் போலன்னு விட்டுட்டோம்."

ஷர்மிளாவின் இரண்டோடு மூன்றைக் கூட்டிப் பார்க்க அவருக்குக் கருவி தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில், தனக்கே சொல்லிக்கொள்வது போல அதை ஷர்மிளாவிடம் சொன்னார். அவள் பால்கனியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல், கீரைக் காம்பு அடிக்கடி பாத்திரத்துக்கு வெளியே விழுந்தது.

"அந்தப் பொம்பளைங்கெல்லாம் வலி இல்லைன்னுதான் சொன்னாங்க. அப்புறம் எப்படி அவ்வளவு இரைச்சல் இருக்கும்? எனக்குப் புரியல."

"நானும்தானே வந்திருந்தேன்" என்றாள் ஷர்மிளா.

அவர் நிமிர்ந்தார்.

"ஆள் பத்தலைன்னு நீதான் கூட்டிட்டுப் போன. மறந்துட்டியா? எனக்கு அப்பதான் அம்பது முடிஞ்சிருந்துச்சு. எங்க மன்றத்திலேர்ந்து ஒரு வேன் நிறைய ஆளுங்கள நானே கூட்டிட்டு வந்தேன்."

"நீ என்ன சொன்ன?"

"அன்னைக்கு எனக்கு இடுப்பு விட்டுப் போற மாதிரி இருந்துச்சு. நீதான் கேட்ட, வலி ஏதாவது இருக்கான்னு. இல்லைன்னேன்."

"ஏன் ஷர்மி?"

அவள் கீரையை வைத்துவிட்டு யோசித்தாள். இத்தனை வருஷம் கழித்து அதற்கு ஒரு காரணம் தேட வேண்டியிருந்தது அவளுக்கே வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

"நீ இல்லைன்னு சொல்றவங்களத்தானே தேடிட்டிருந்த? இருக்குன்னு சொன்னவங்கள அந்தப் பக்கம் போய் உட்காரச் சொன்ன. உன் முகத்துல ஒரு சலிப்பு வேற. பின்னாடி நின்னவங்க பாதிப் பேரு அதப் பார்த்துட்டுத்தான் இல்லைன்னு சொன்னாங்க. அவங்களுக்கும் முட்டி வலி, முதுகு வலி எல்லாம் உண்டு. வீட்டுல சொல்லிப் பழக்கமில்லாதத மண்டபத்துல வந்தா சொல்லப் போறாங்க?" என்றவள், "நீ ரொம்ப நாளா தூங்காம உழைச்ச வேலை பரிதி. அது நல்லபடியா முடியணும்னு எனக்கும் ஆசை இருந்துச்சு" என்றும் சொன்னாள்.

இளம்பரிதி எழுந்து உள்ளே போய்விட்டார். முகத்தைக் கழுவினார். திரும்பக் கழுவினார்.

கழிவை நீக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் பேசினார். தன் மனைவியின் கதையை மறைக்காமல் சொன்னார். கேட்டவர்கள் வருத்தப்பட்டார்கள். பிறகு ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கழிவ எடுத்துட்டா ஐம்பது வயசு தாண்டின பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு எண் நாலத் தாண்டிடும் சார். அவ்வளவு பேருக்கும் வலின்னு ஒத்துக்கிட்டா ஆஸ்பத்திரி தாங்குமா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வீட்டில் ஒரு மனைவி இருந்தாள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என இரண்டு தடவை அளக்கலாம் என்பதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார்கள். மற்றதை ஆராய ஒரு துணைக்குழு அமைந்தது. இளம்பரிதி தலைமைப் பொறுப்பைவிட்டு விலகி, அந்தத் துணைக்குழுவில் ஓர் ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அது இன்றைக்கும் கூடிக்கொண்டிருக்கிறது.

நீச்சல் மன்றத்துக்கும் நேரில் போனார். தான் சொன்னது தவறு என்று செயலாளரிடம் சொன்னார். "அடடா, நீங்க ஏன் சார் இதுக்காக வந்தீங்க? அது எப்பவோ முடிஞ்ச விஷயம்" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினார்கள். மோனிஷா மட்டும் வீடு தேடி வந்து ஷர்மிளாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் இப்போது நன்றாக நீந்துகிறாராம்.

ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்த முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். குறைக்கும்போது வலி திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பினால் அளவை ஏற்ற வேண்டும். அதற்காக மாதாமாதம் நஸ்ரீனிடம் போனார்கள்.

"ரத்தப் பரிசோதனை ஒரு பாதிதான்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார் நஸ்ரீன். "மிச்சப் பாதி நீங்க வாயால சொல்றதுதான் மேடம். நீங்க மறைச்சா எனக்கு வேற வழியில்ல. இன்னொரு கண்ணையும் நாம பார்த்துக்கணும்."

ஒவ்வொரு முறையும் ஷர்மிளா "நல்லா இருக்கேன் டாக்டர்" என்பாள். நஸ்ரீன் அளவைக் குறைப்பார். இளம்பரிதிக்கு நிம்மதியாக இருக்கும்.

புரட்டாசியில் ஒருநாள் அப்படித்தான் போயிருந்தார்கள். இளம்பரிதி வழக்கம்போல ஷர்மிளாவின் வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நஸ்ரீன் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எப்படி இருக்கு மேடம்? காலைல இறுக்கம் ஏதாவது திரும்பியிருக்கா?"

ஷர்மிளா பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு நிறுத்திவிட்டு வலப்பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் பார்வை இல்லாததால் லேசாகக் கண்ணை ஓட்டினால் போதாது. முகத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. அப்படித் திருப்பும்போது கழுத்து ஓரிடத்தில் இடறியது. இடறியதைக் காட்டிக்கொள்ளாமல், மிச்சமிருந்த ஒரே கண்ணால் அவள் தன் கணவரின் முகத்தைப் பார்த்தாள். விடை தெரியாமல் ஆசிரியரைப் பார்க்கிற மாணவியைப் போல, என்ன சொல்ல வேண்டும் என்று அவர் முகத்தில் தேடினாள்.

இதற்கு முந்தைய மாதங்களிலும் அவள் இப்படித் திரும்பியிருக்கிறாள். அன்பினால் பார்க்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் அவளைப் பார்த்துப் புன்னகைத்தும் இருக்கிறார்.

அன்றைக்கு அவர் புன்னகைக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உள்ளதைச் சொல், ஷர்மி என்று சொல்லலாம். ஆனால் அதுவும் அவர் கேட்க விரும்பிய ஒரு பதிலாகிவிடும் என்று பட்டது. மெல்ல நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

"நீங்க பேசுங்க டாக்டர்" என்றார். "நான் வெளிய இருக்கேன்."

ஷர்மிளாவின் கண் அவரைக் கதவுவரை தொடர்ந்து வந்தது. அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். மூடும் சத்தம் உள்ளே கேட்கும்படி நன்றாகவே சாத்தினார்.

தாழ்வாரத்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார். முதலில் உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை. நஸ்ரீனின் குரல் ஒருமுறை தணிவாக ஏதோ கேட்டது. மறுபடி அமைதி. பிறகு ஷர்மிளா பேசத் தொடங்கினாள்.

என்ன பேசுகிறாள் என்று அவருக்குக் கேட்கவில்லை. குரல் மட்டும் வந்தது. தயங்கியது, நின்றது, மறுபடி எழுந்தது. அவர் கதவை விட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். உள்ளே அவள் பேசிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் பேசினாள்.